இருளில் தெரியும் கரை

கடற்கரைச் சுற்றுலா என்றதும் வெண்மணல், நீல அலை, கரும்பாறை, பாறையில் குடைந்த குகை ஆகியவையே பலருக்கும் நினைவுக்கு வரும். கோல சிலாங்கூரின் கரை அத்தகையதன்று. அங்கு மணலைவிடச் சேறு மிகுதி. அலைகள் ஆரவாரம் செய்வதில்லை. கடல்நீரின் நிறமும் நீலமன்று. பால் கலந்த தேநீரின் நிறம். ஆயினும், ஒரு நாள் முழுவதும் நின்று பார்க்கத்தக்க காட்சிகள் அங்கே உள்ளன. குன்றின்மேல் நூறாண்டைக் கடந்த கலங்கரை விளக்கம் நிற்கிறது. சேற்றில் காட்டுப் பூக்கள் மலர்கின்றன. இக்கரையோடு உறவுடைய குகையும் ஒன்று உண்டு. ஆனால், அது கரையில் இல்லை. வெகு தொலைவில், உள்நாட்டில் இருக்கிறது.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள், கிள்ளானில் படிவம் நான்கில் பயிலும் மாணவி ஒருத்தி தன் குடும்பத்தாருடன் கோல சிலாங்கூருக்கு வந்தாள். அவளுடன் அவளுடைய தாத்தாவும் வந்திருந்தார். அவ்வட்டாரத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்குமேல் பால்மரம் சீவியவர் அவர். பார்க்க வேண்டிய இடங்களைப் பேத்தி கைப்பேசியில் வரிசையாகக் குறித்து வைத்திருந்தாள். தாத்தாவிடம் எந்தப் பட்டியலும் இல்லை.

‘கோல’ என்னும் மலாய்ச் சொல்லுக்குக் கழிமுகம் என்பது பொருள். மலைப்பகுதியில் பிறந்து வரும் சிலாங்கூர் ஆறு, மலாக்கா நீரிணையில் கலக்கும் இடத்தில் இவ்வூர் அமைந்துள்ளது. ஆற்றின் வாயிலைக் காவல் காப்பதைப் போல் ஒரு சிறு குன்று எழுந்து நிற்கிறது. அதுவே மெலாவாத்திக் குன்று. ஆற்றைக் கையில் வைத்திருக்க விரும்பிய எவரும் முதலில் இக்குன்றைக் கைப்பற்ற வேண்டியிருந்தது. அதனால் இதன் வரலாறு பீரங்கிகளின் வரலாறாக ஆயிற்று.

சிலாங்கூரின் முதல் சுல்தான்கள் இக்குன்றைத் தங்கள் கோட்டையாகக் கொண்டனர். 1784ஆம் ஆண்டில் டச்சுக்காரர்கள் இதனைத் தாக்கிக் கைப்பற்றினர். அப்போது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை ஆளுநராக இருந்த வில்லெம் ஆர்னோல்ட் அல்திங் என்பவரின் பெயரால் கோட்டைக்கு ‘அல்திங்ஸ்பர்க்’ என்று பெயர் சூட்டினர். பகாங்கிற்குச் சென்று படை திரட்டி வந்த சுல்தான் இப்ராஹிம் 1785ஆம் ஆண்டிலேயே கோட்டையை மீட்டார். பின்னர், சிலாங்கூர் உள்நாட்டுப் போரின்போது 1871ஆம் ஆண்டில் ‘ரினால்டோ’ என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் இக்கரையின்மீது குண்டு மழை பொழிந்தது. இன்று குன்றின் விளிம்பில் பழைய பீரங்கிகள் கடலை நோக்கியபடி நிற்கின்றன. சிறுவர்கள் அவற்றின்மீது ஏறி அமர்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவற்றுக்குமேல் தூங்குமூஞ்சி மரங்கள் குடை விரித்திருக்கின்றன. மாலை ஐந்து மணியளவில் இலைகளை மூடிக்கொள்வதால் மலாய்க்காரர்கள் இம்மரத்தைப் ‘பூக்குல் லீமா’, அதாவது ‘ஐந்து மணி’ மரம் என்று அழைக்கிறார்கள்.

குன்றின் உச்சியில் வெள்ளை நிறத்தில் உயர்ந்து நிற்கிறது கலங்கரை விளக்கம். இதன் உயரம் 27 மீட்டர். ‘அல்திங்ஸ்பர்க்’ என்ற பெயரைக் கேட்டு, இதனையும் டச்சுக்காரர்களே கட்டியிருப்பார்கள் என்று பலர் எண்ணுவதுண்டு. உண்மையில், டச்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து 123 ஆண்டுகள் கழிந்த பிறகு, பிரிட்டிஷார் காலத்தில், 1907ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது இது. பெயர் ஒருவருடையது, கட்டடம் இன்னொருவருடையது. மலாக்கா நீரிணை வழியாகச் செல்லும் கப்பல்களுக்கு இங்குக் கரை இருக்கிறது, ஆழம் குறைந்த சேற்றுத் திட்டுகள் இருக்கின்றன என்று எச்சரிப்பதே இதன் பணி.

மலாய் மொழியில் கலங்கரை விளக்கத்தை ‘ரூமா ஆப்பி’ என்பர். ‘தீ வீடு’ என்பது அதன் நேர்ப்பொருள். தமிழ்ச் சொல்லின் பொருள் இன்னும் நுட்பமானது. கலம் என்றால் கப்பல். கரைதல் என்றால் அழைத்தல். காக்கை கரைகிறது என்கிறோமே, அதே சொல்தான். ஆகவே, கலத்தைக் கூவி அழைக்கும் விளக்கே கலங்கரை விளக்கம். சிலப்பதிகாரத்தில் இச்சொல் இடம்பெற்றுள்ளது. அதற்கும் முற்பட்ட பெரும்பாணாற்றுப்படை, இரவில் கப்பல்களுக்கு வழிகாட்ட உயர்ந்த மாடத்தில் விளக்கேற்றும் துறைமுகம் ஒன்றைக் காட்டுகிறது. கடல் கடந்து வணிகம் செய்த மக்களிடம் இப்படியொரு சொல் இருந்ததில் வியப்பில்லை.

“தாத்தா, இதற்குமுன் இந்த விளக்கைப் பார்த்திருக்கிறீர்களா?” என்று பேத்தி கேட்டாள்.

“பக்கத்தில் வந்து பார்த்தது இரண்டு மூன்று தடவைதான், கண்ணு. தூரத்தில் இருந்து பார்த்ததே அதிகம். விடிவதற்கு முன்னால் பிரட்டுக்குப் போவோம். அந்த நேரத்தில் மேட்டுப் பக்கம் நின்றால் இந்தப் பக்கத்து வானத்தில் ஒரு வெளிச்சம் விட்டுவிட்டு மின்னும். எங்கள் தலையில் கட்டியிருக்கிற விளக்கு இரண்டு மரத்துக்குத்தான் காணும். இது கடலில் போகிற கப்பலுக்கே தெரிகிறதே என்று நினைத்துக்கொள்வேன்.”

விட்டுவிட்டு மின்னுவது வீணான அலங்காரமன்று. ஒவ்வொரு கலங்கரை விளக்கமும் தனக்கென ஒரு கால இடைவெளியில் மின்னும். அந்த இடைவெளியைக் கணக்கிட்டே, தாம் காண்பது எந்த ஊர் விளக்கு என்பதை மாலுமிகள் அறிந்துகொள்வர். ஒளியும் இருளும் மாறி மாறி வருவதுதான் அதன் மொழி. இடையில் இருள் இல்லாவிட்டால் அவ்விளக்கு எதையும் சொல்ல முடியாது.

இக்குன்றுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. முஸ்லிம்கள் நோன்பு மாதத்தின் தொடக்கத்தையும் பெருநாளையும் உறுதிசெய்யப் பிறை பார்க்கும் இடங்களுள் இதுவும் ஒன்று. கதிரவன் மறைந்த சில நிமிடங்களுக்குள், அடிவானத்தில் நூலைப் போன்ற மெல்லிய ஒளிக்கீற்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே குன்றின்மேல், தொலைவில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று எரியும் பெரிய ஒளி ஒன்று. பொறுமையாகத் தேடுபவர்களுக்கு மட்டுமே தெரியும் சிறிய ஒளி மற்றொன்று.

குன்றின் மரங்களில் இருவகைக் குரங்குகள் வாழ்கின்றன. ஒருவகை, ‘கெரா’ எனப்படும் நீண்டவால் குரங்கு. கையில் நெகிழிப்பை இருந்தால் போதும், பாய்ந்து பறித்துக்கொண்டு ஓடிவிடும். மற்றொரு வகை, ‘லோத்தோங்’ எனப்படும் வெள்ளிநிற இலையுண்ணிக் குரங்கு. வெள்ளிப் பூச்சுப் பூசியதைப் போன்ற சாம்பல் நிற உடலும், கூர்மையாக எழுந்து நிற்கும் தலைமுடியும், அமைதியான முகமும் கொண்டது. இதன் குட்டியோ பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் பிறக்கிறது. கருமையான தாயின் மார்பில் ஆரஞ்சுப் பழம் ஒட்டிக்கொண்டிருப்பதைப் போல் அது தோன்றும். சில மாதங்களில் அந்நிறம் மறைந்து தாயின் நிறம் வந்துவிடும். 2008ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் இவ்வகைக் குரங்குக்குச் சிலாங்கூர் மாநிலத்தின் பெயரையே அறிவியல் பெயரில் சேர்த்துச் ‘செலாங்கோரென்சிஸ்’ என்று பெயரிட்டனர். அது இன்று அழியும் ஆபத்தில் உள்ள உயிரினம்.

இவற்றுக்குப் பயற்றங்காயும் ரொட்டியும் கொடுத்து, தோளில் ஏறவிட்டுப் படம் எடுத்துக்கொள்வது பலருக்குப் பெரும் மகிழ்ச்சி. ஆனால், லோத்தோங்கின் இரைப்பை மாட்டின் இரைப்பையைப் போல் பல அறைகள் உடையது. கடினமான இலைகளை மெல்லப் புளிக்க வைத்துச் செரிப்பதற்காக அமைந்தது. ரொட்டியும் இனிப்பும் அவ்வமைப்பைக் கெடுத்துவிடும். சாலையில் இறங்கி உணவு கேட்கப் பழகிய குரங்கு வாகனத்தில் அடிபடவும் நேரும். பேத்தி எதையும் வாங்கவில்லை. ஒரு கல்லின்மேல் அமர்ந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். கால்மணி நேரத்தில் தாய்க்குரங்கு ஒன்று தாழ்ந்த கிளைக்கு இறங்கியது. கொழுந்து இலையை மட்டும் தேர்ந்து கிள்ளித் தின்றது. இன்னொரு பெண்குரங்கு குட்டியைக் கையில் வாங்கிக்கொண்டது. லோத்தோங் கூட்டத்தில் குட்டியைத் தாய் மட்டும் வளர்ப்பதில்லை. மற்றப் பெண்குரங்குகளும் தூக்கி வளர்க்கும். உணவு நீட்டிக்கொண்டிருந்தவர்கள் எவரும் அக்காட்சியைக் காணவில்லை.

குன்றின் அடிவாரத்துக்கும் கடலுக்கும் இடையில் பரந்து கிடக்கிறது கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா. 1987ஆம் ஆண்டில் சிலாங்கூர் மாநில அரசும் மலேசிய இயற்கைக் கழகமும் இணைந்து இதனை உருவாக்கின. இது அலையாத்திக் காடு. அலையை ஆற்றுவது, அதாவது அலையின் வேகத்தைத் தணிப்பது, அலையாத்தி. பெயரே அதன் பணியைச் சொல்லிவிடுகிறது. கிள்ளான், கோல சிலாங்கூர் வட்டாரக் கடலில் நீர்மட்டம் பௌர்ணமி, அமாவாசை நாள்களில் நான்கு மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தில் மண் அரிக்கப்படாமல் இம்மரங்களின் வேர்களே பிடித்து வைத்திருக்கின்றன.

பலகைப் பாதையில் நடந்தபோது, முதலில் பேத்தியின் கண்ணுக்குச் சேற்றைத் தவிர எதுவும் தெரியவில்லை. தாத்தா கைகாட்டி நிறுத்தினார். எவரும் அசையாமல் நின்ற சற்று நேரத்தில் சேறே உயிர்பெற்று எழுந்தது. விரற்கடை அளவுள்ள வளைகளிலிருந்து நண்டுகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் மிகப் பெரியது. அதனை மேலும் கீழும் அசைத்து, வயலின் வாசிப்பவரைப் போல் அது பெண் நண்டை அழைத்தது. சேற்றில் தாவும் மீன் ஒன்று துடுப்புகளைக் கால்களாக ஊன்றி வேரின்மீது ஏறியது. கண்கள் தலைக்குமேல் துருத்திக்கொண்டிருக்கும் இம்மீன், உடல் ஈரமாக இருக்கும்வரை நிலத்திலும் மூச்சுவிடும். யாரோ பலகையில் ஓடி வந்த ஓசை கேட்டதும் அனைத்தும் வளைகளுக்குள் மறைந்தன. மறுபடியும் வெறும் சேறு.

இங்குள்ள செடிகளையும் மரங்களையும் பார்த்தபோது, பள்ளியில் படித்த நெய்தல் திணை பேத்திக்கு நினைவு வந்தது. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்று மனப்பாடம் செய்திருந்தாள். அந்நிலத்துக்குரியவை சிலாங்கூரிலும் கண்முன்னே நின்றன. சேற்று விளிம்பில் முள்போன்ற இலைகளுக்கு நடுவே ஊதா நிறத்தில் பூத்திருந்தது கழிமுள்ளி. நீண்ட காய்களைத் தொங்கவிட்டிருந்தது கண்டல். அது காய் அன்று. தாய்மரத்திலேயே முளைவிட்டு வளர்ந்த நாற்று. அது விழும்போது சேற்றில் குத்தி நின்று வேர்விடும். இல்லையேல் மிதந்து சென்று வேறு கரையில் குடியேறும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த தில்லை மரமும் மலேசியச் சதுப்பு நிலங்களில் வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே தீங்கு என்பதால், மலாய் மொழியில் அதற்குக் ‘குருடு’ என்று பொருள்படும் ‘பூத்தா-பூத்தா’ என்று பெயர். பூவரசின் உறவான நீர்ப்பருத்தி காலையில் மஞ்சளாகப் பூத்து, மாலையில் செந்நிறமாகி உதிர்ந்துவிடும். ஒரே பூவைக் காலையிலும் மாலையிலும் பார்ப்பவர்கள் இரண்டு பூக்கள் என்றே எண்ணுவர்.

பிற்பகலில் குடும்பத்தார் ஆற்றின் மேற்பக்கமாகப் பெஸ்தாரி ஜெயாவை நோக்கிச் சென்றனர். முன்பு அவ்வூர் பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்டது. அங்கிருப்பவை சுற்றுலாக் கையேடுகள் காட்டும் இடங்கள் அல்ல. இரு மருங்கிலும் செம்பனைத் தோட்டங்கள் மட்டுமே. ஆயினும், மலேசிய வரலாற்றில் அவ்வட்டாரத்துக்குத் தனியிடம் உண்டு. நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் 1917ஆம் ஆண்டில் இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் தொடங்கியது. அதனைத் தொடங்கியவர் ஆன்ரி ஃபொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். மலாயாத் தோட்ட வாழ்க்கையைக் களமாகக் கொண்டு அவர் எழுதிய நாவலுக்கு 1930ஆம் ஆண்டில் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. ஆனால், தோட்டத்தின் பெயர் பிரெஞ்சுப் பெயரன்று; தென்னைமரம் என்னும் தமிழ்ச் சொல். செம்பனைக்குப் பிறப்பிடமான தோட்டத்தில் தென்னை பெயராக நிற்கிறது. அங்குக் காடு அழித்து, கால்வாய் வெட்டி, கன்று நட்டவர்களின் நாவில் வழங்கிய சொல் வரைபடத்திலும் ஏறிவிட்டது.

தாத்தாவின் தோட்டத்துக்கு அத்தகைய புகழ் எதுவுமில்லை. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்திருந்தது. லயங்கள் இருந்த இடம் எது என்று கண்டுபிடிக்க அவருக்குச் சற்று நேரமாயிற்று. ஒரு சிறிய கோயிலும் அதன் பின்னாலிருந்த பெரிய மாமரமும்தான் அடையாளம் சொல்லின. மாமரத்திலிருந்து எண்ணி எண்ணிப் பத்து அடி நடந்து, ஒரு பனைமரத்தின் அருகில் நின்றார்.

“இங்கேதான் நம்ம வீடு. வாசலில் உன் அப்பா தவழ்ந்தது இந்த இடம்.”

மகன் குனிந்து நிலத்தைப் பார்த்தார். பேத்தி கைப்பேசியை எடுத்தாள். ஆனால், எதைப் படம் எடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“அப்போது கரண்டு இருந்ததா, தாத்தா?”

“எஞ்சின் கரண்டுதான். ராத்திரி பத்து மணியானால் நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு நம் கையே நமக்குத் தெரியாது. ஆனால், அப்போதுதான் கால்வாய் ஓரத்து மரம் தெரியும். மரம் முழுக்க மின்மினி. உன் அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுவேன். இங்கே இப்போது இல்லை. ஆற்றில் இருக்கிறதாம், போய்ப் பார்க்கலாம்.”

பட்டியலில் கடைசியாக இருந்த அந்த இடம் கம்போங் குவாந்தான். சிலாங்கூர் ஆற்றின் கரையில் உள்ள இச்சிற்றூருக்கு மின்மினிகளைக் காண உலகின் பல நாடுகளிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். குடும்பத்தார் சென்று சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஆற்றோரம் நெடுகிலும் ‘பெரெம்பாங்’ மரங்கள் நின்றன. மற்றப் பூக்கள் கூம்பும் வேளையில் இம்மரம் பூக்கத் தொடங்குகிறது. செந்நிறமும் வெண்மையும் கலந்த மெல்லிய கேசரங்கள் தூரிகையைப் போல் விரியும். ஓர் இரவு மட்டுமே பூவின் ஆயுள். விடிந்தால் கேசரங்கள் ஆற்றில் உதிர்ந்து மிதக்கும்.

இரவில் பூக்கும் பூவுக்குத் தேனீ வருவதில்லை, வௌவால் வருகிறது. இங்குதான் அந்தக் குகை வந்து சேர்கிறது. தைப்பூசத்துக்கு இலட்சக்கணக்கானோர் கூடும் பத்துமலையின் சுண்ணாம்புக் குகைகளில் தேனுண்ணும் வௌவால்கள் தங்கியிருக்கின்றன. 1970களில் அவற்றை ஆராய்ந்தவர்கள் ஒரு வியப்பான செய்தியைக் கண்டறிந்தனர். பெரெம்பாங் இனத்தைச் சேர்ந்த கடலோர மரங்களின் பூந்தேனைத் தேடி, அவை இரவில் ஏறத்தாழ 38 கிலோமீட்டர் தொலைவுவரை பறந்து சிலாங்கூர்க் கடலோரச் சதுப்புக் காடுகளுக்குச் சென்றுவந்தன. டுரியான் பூக்களில் மகரந்தச் சேர்க்கை செய்பவையும் இதே வௌவால்கள்தாம். டுரியான் ஆண்டு முழுவதும் பூப்பதில்லை. அது பூக்காத மாதங்களில் வௌவால்களுக்கு உணவளிப்பவற்றுள் இக்கடலோர மரங்கள் முக்கியமானவை. சதுப்புக் காட்டை வெட்டினால், எங்கோ உள்நாட்டில் டுரியான் காய்ப்பது குறையும். கடற்கரை மரமும் மலைக்குகையும் பழத்தோட்டமும் இருளில் பறக்கும் ஒரு சிறு உயிரால் இணைந்திருக்கின்றன.

நன்றாக இருட்டிய பிறகே படகு புறப்பட்டது. அது துடுப்புப் படகு, இயந்திரம் இல்லை. படகோட்டியான மலாய் முதியவர், கைப்பேசிகளை அணைத்துவிடச் சொன்னார். ஒளிவீச்சுடன் படம் எடுக்கக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். படகில் பேச்சு நின்றது. துடுப்பு நீரைத் தொடும் ஓசை மட்டும் கேட்டது. முதலில் ஒன்றுமே தெரியவில்லை. கண் இருளுக்குப் பழகப் பழக, கரையில் ஒரு மரம் மெல்லப் புலப்பட்டது. அதன் இலைகளில் நூற்றுக்கணக்கான ஒளிப்புள்ளிகள். அவை தனித்தனியே மின்னவில்லை. ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தன. மரமே மூச்சு விடுவதைப் போல் இருந்தது.

“பாக்சிக், இவை எப்படி ஒரே நேரத்தில் மின்னுகின்றன?” என்று பேத்தி மலாயில் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்கின்றன, மகளே. அவற்றுக்கு நம் விளக்கு நடுவில் வராமல் இருந்தால் போதும்” என்றார் அவர்.

அவர் சொன்னது அறிவியலுக்கும் பொருந்தும். அரிசியைவிடச் சிறிய வண்டினம் இது. ஆண்வண்டுகள் ஒன்றன் ஒளியை ஒன்று கண்டு, ஒரு நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை இணைந்து மின்னுகின்றன. அவ்வொளி பெண்வண்டுக்கு விடும் அழைப்பு. வயிற்றின் நுனியிலுள்ள வேதிப்பொருள் உயிர்வளியுடன் வினைபுரிவதால் அவ்வொளி பிறக்கிறது. அதில் வெப்பம் ஏறக்குறைய இல்லை. கரையில் பெரிய மின்விளக்குகள் எரிந்தால் இவ்வழைப்பு எடுபடாது. அழைப்பு எடுபடாவிட்டால் அடுத்த தலைமுறை இல்லை.

மின்மினிக்கு மரம் மட்டும் போதாது. பெண்வண்டு கரையின் ஈரமண்ணில் முட்டையிடுகிறது. புழுக்கள் அங்குள்ள சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன. நீப்பா, ரும்பியா போன்ற பனைவகைகளின் நிழல் இருந்தால்தான் மண் ஈரமாக இருக்கும், நத்தையும் வாழும். ஆற்றங்கரை வரை புதரை வெட்டிப் பயிர் செய்தால், மரம் நின்றாலும் அதில் மின்மினி இராது. ஆற்றின் நன்னீரும் கடலின் உப்புநீரும் கலக்கும் அளவு மாறினாலும் மரமும் நத்தையும் பாதிக்கப்படும். கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பெரும்பங்கு இந்த ஆற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது. கிள்ளானில் பேத்தி திறக்கும் குழாய்க்கும் இந்த மரத்தின் ஒளிக்கும் இடையே ஓர் ஆறுதான் இருக்கிறது.

படகு திரும்பும் வழியில், எதிர்வந்த படகு ஒன்றில் யாரோ கைப்பேசி விளக்கை ஏற்றினார்கள். ஒரு நொடிதான். அம்மரத்தின் சீரான மின்னல் கலைந்து, புள்ளிகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறின. மீண்டும் அவை ஒன்றுசேரச் சற்று நேரம் ஆயிற்று. தாத்தா எதுவும் சொல்லவில்லை. மகனின் கையைப் பிடித்து, தூரத்தில் இருந்த வேறொரு மரத்தைச் சுட்டிக் காட்டினார். பேத்தி அப்பாவின் முகத்தைப் பார்க்க முயன்றாள், இருளில் தெரியவில்லை.

சுற்றுலா செல்பவர்கள் ஓர் இடத்துக்குப் பணத்தைக் கொண்டு வருகிறார்கள். படகோட்டிக்கும் கடைக்காரருக்கும் அது வாழ்வளிக்கிறது. கூடவே ஒளியையும் ஓசையையும் உணவையும் கொண்டு வருகிறார்கள். கோல சிலாங்கூரில் காணத்தக்கவை பெரும்பாலும் இம்மூன்றையும் குறைத்துக்கொள்பவர்களுக்கே தெரிகின்றன. ரொட்டியை நீட்டாதவர்களுக்கு லோத்தோங் தன் குடும்பத்தைக் காட்டுகிறது. அசையாமல் நிற்பவர்களுக்கு நண்டு வெளியே வருகிறது. விளக்கை அணைப்பவர்களுக்கு மின்மினி மரம் தெரிகிறது. தாத்தாவின் தோட்டத்துக் கால்வாயில் அணைந்துபோன ஒளி, சில கிலோமீட்டருக்கு அப்பால் ஆற்றங்கரையில் இன்னும் எரிகிறது. அது எத்தனை காலம் எரியும் என்பதை அங்கு வாழும் மக்களும், ஆற்றைப் பராமரிப்பவர்களும், ஓர் இரவு மட்டும் வந்து செல்பவர்களும் சேர்ந்தே முடிவு செய்கிறார்கள்.